மலைக்கு ஒரு பழைய வண்டி: வாங்கும் முன் குனிந்து பாருங்கள்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் குடும்பத்தோடு கேமரன் மலைக்குப் போய், கூடாரம் அடித்து, இரண்டு நாள் குளிரில் தங்கிவிட்டு வர வேண்டும் என்ற ஆசை இன்று நம் மக்களிடையே பெருகி வருகிறது. நல்ல ஆசைதான். பிள்ளைகள் கைத்தொலைபேசியைக் கொஞ்ச நேரம் கீழே வைப்பார்கள். பெரியவர்களுக்கும் நுரையீரல் நிறைய நல்ல காற்று கிடைக்கும். ஆனால் அந்த ஆசைக்குப் பின்னாலேயே இன்னோர் ஆசையும் வந்து நிற்கிறது. "ஒரு பழைய ஃபோர்வீல் வண்டி வாங்கிப் போட்டால் என்ன?" என்பதுதான் அது.

புதிய ஃபோர்வீல் வண்டி வாங்க எல்லாராலும் முடியாது. ஆகவே சேமித்து வைத்த பணத்தோடு பழைய வண்டியைத் தேடிப் போகிறோம். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. பளபளக்கும் சாயம், உயரமான டயர், முன்னால் ஒரு பெரிய இரும்புக் கம்பி. இவற்றைப் பார்த்து மயங்கிப் பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். பிறகு ஆறு மாதத்தில் அந்த வண்டி பட்டறையிலேயே குடியிருக்கிறது. பணம் போனால் மீண்டும் சம்பாதிக்கலாம். மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனால் என்ன செய்வது? குடும்பமே அல்லவா அந்த வண்டியில் உட்கார்ந்திருக்கிறது!

குறைந்த விலையில், முகாமுக்கும் ஓரளவு கரடுமுரடான பாதைக்கும் ஏற்ற பழைய வண்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை இன்று பார்ப்போம். அதற்குக் கேமரன் மலையைவிட நல்ல பள்ளிக்கூடம் நம் நாட்டில் கிடைக்காது.

லேண்ட்ரோவர் சொல்லும் பாடம்

கேமரன் மலைக்குப் போனவர்கள் எல்லாரும் ஒரு காட்சியைப் பார்த்திருப்பார்கள். முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு, புகை கக்கியபடி, வயதான லேண்ட்ரோவர் வண்டிகள் மேடேறிக் கொண்டிருக்கும். 1948இல் இங்கிலாந்தில் பிறந்த வண்டி இது. சொந்த நாட்டில் பழைய வண்டிப் பிரியர்கள் பொத்திப் பாதுகாக்கும் ரகங்கள், இங்கே காய்கறித் தோட்டத்தில் கூலி வேலை பார்க்கின்றன.

இத்தனை ஆண்டுகள் அவை எப்படித் தாக்குப் பிடித்தன? அவற்றின் உடல் தகடு அலுமினியக் கலவையால் ஆனது. இரும்பைப்போல் துருப்பிடித்து உதிராது. இஞ்சினும் கியரும் எளிய அமைப்பு. கணினி கிடையாது, ஸ்பானர் இருந்தால் போதும். மூன்றாவது காரணம்தான் மிக முக்கியமானது. அந்த வண்டியைப் பழுது பார்க்கத் தெரிந்த கைகளும் அதற்கான உதிரிப் பாகங்களும் அந்த மலையிலேயே இருக்கின்றன.

இதில் நமக்கு என்ன பாடம்? பழைய வண்டி ஓடுவது அதன் பெயரால் அல்ல. அதைப் பராமரிக்க ஆள் இருப்பதால்தான். கிள்ளானிலோ சுங்கை சிப்புட்டிலோ இருக்கும் நமக்கு லேண்ட்ரோவர் தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இல்லை என்றால், கேமரனில் சிங்கமாக நிற்கும் அதே வண்டி நம் வீட்டு வாசலில் பாரமாக நிற்கும். எந்த வண்டியானாலும் வாங்கும் முன் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்க வேண்டும்: "இதை யார் பழுது பார்ப்பார்? சாமான் எங்கே கிடைக்கும்?"

நீங்கள் போகும் பாதை எது?

இரண்டாவது கேள்வி, நீங்கள் உண்மையில் எங்கே போகப் போகிறீர்கள் என்பது. பத்தில் ஒன்பது பயணம் தார்ச் சாலையிலேயே முடிந்துவிடும். தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாகத் தானா ராத்தா செல்லும் பழைய சாலை சுமார் 60 கிலோமீட்டர். வளைவுக்கு மேல் வளைவு. சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜா வழியாக வரும் சாலை அகலமானது. இந்த இரண்டிலும் சாதாரண மைவி கார் தாராளமாக ஏறுகிறது.

சிரமம் எங்கே வருகிறது என்றால், சாலையை விட்டு இறங்கி முகாம் இடத்துக்குள் நுழையும் கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டரில். சரளைக் கல், மழை அறுத்த பள்ளம், வழுக்கும் செம்மண். அதற்குத் தேவைப்படுவது தரையிலிருந்து போதிய உயரம், நல்ல டயர், நான்கு சக்கரமும் இழுக்கும் அமைப்பு. இதைத் தாண்டிப் பெரிய டயர், உயர்த்திய ஸ்பிரிங், இழுவை விஞ்ச் என்று போவதெல்லாம் வேறு விளையாட்டு. சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி இல்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றினால் சம்மன் வரும். விபத்து நேர்ந்தால் காப்புறுதி கோருவதிலும் சிக்கல் வரும். முந்தைய உரிமையாளர் செய்த மாற்றத்துக்கும் இனி நீங்கள்தான் பொறுப்பு.

நான்கு சக்கரம் என்றால் எல்லாம் ஒன்றல்ல

ஃபோர்வீல் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் மூன்று வகை உண்டு. விற்பவர் இதைச் சொல்ல மாட்டார். நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

முதல் வகை, தேவைப்படும்போது மட்டும் நாம் போட்டுக்கொள்வது. டொயோட்டா ஹைலக்ஸ், சுசுகி ஜிம்னி, பழைய லேண்ட்ரோவர் போன்றவை இந்த ரகம். 2எச் என்றால் பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும். 4எச் என்றால் நான்கும் இழுக்கும். 4எல் என்றால் நான்கும் மிக மெதுவாக, ஆனால் மிகுந்த வலுவோடு இழுக்கும். செங்குத்தான சேற்று மேட்டுக்கும், அதைவிட முக்கியமாக, வழுக்கும் இறக்கத்துக்கும் இந்த 4எல் தெய்வம் மாதிரி. ஆனால் காய்ந்த தார்ச் சாலையில் 4எச் போட்டு ஓட்டக் கூடாது. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தூரம் உருள்வதால் கியர் அமைப்பு முறுக்கேறிச் சேதமாகும்.

இரண்டாவது வகை, எப்போதும் நான்கு சக்கரமும் இழுப்பது. லேண்ட்ரோவர் டிஃபெண்டர் இந்த ரகம். நம் நாட்டுப் பெரோடுவா கெம்பாராவும் இதே ரகம்தான் என்பது பலருக்குத் தெரியாது. ஆனால் கெம்பாராவில் 4எல் கிடையாது.

மூன்றாவது வகை, சாதாரண நேரத்தில் முன் சக்கரம் மட்டும் இழுத்து, அது வழுக்கிய பிறகு பின் சக்கரத்துக்கும் கொஞ்சம் வலு அனுப்புவது. ஹோண்டா சிஆர்வி போன்ற நகர வண்டிகள் பலவும் இப்படித்தான். ஈரப் புல்வெளியைத் தாண்ட இது போதும். ஆழமான சேற்றுக்கு இதை நம்பக் கூடாது.

எந்த வண்டி யாருக்கு?

பையில் பணம் குறைவு, குடும்பம் சிறியது என்றால் பெரோடுவா கெம்பாராவைப் பார்க்கலாம். 1998 முதல் 2007 வரை விற்பனையான வண்டி. 1.3 லிட்டர் பெட்ரோல் இஞ்சின். பிந்திய ரகத்தில் உள்ள இஞ்சின் முதல் தலைமுறை மைவி 1.3இல் உள்ள அதே குடும்பம் என்பதால், இஞ்சின் சாமானுக்கு அலைய வேண்டியதில்லை. குறை என்ன? சுமையோடு மேடேறும்போது மூச்சு வாங்கும். கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால், டர்போ இல்லாத பெட்ரோல் இஞ்சின் ஏறத்தாழ 15 விழுக்காடு வலுவை இழந்துவிடும். நிதானமாகப் போகிறவர்களுக்கு அது பெரிய குறையல்ல.

இரண்டே பேர், பாதையோ கரடுமுரடு என்றால் சுசுகி ஜிம்னி. உருவம் சிறிது; ஆனால் லாரியைப்போல் தனிச் சட்டமும் 4எல் வசதியும் உண்டு. பிள்ளைகளும் கூடாரமும் பாத்திரமும் ஏற்ற இடம் பற்றாது.

நான்கைந்து பேர், நிறையச் சாமான் என்றால் டீசல் பிக்-அப்தான். 2005இல் வந்த தலைமுறையைச் சேர்ந்த ஹைலக்ஸ், மிட்சுபிஷி டிரைட்டன், இசுசு டிமேக்ஸ் ஆகியவற்றுக்கு எந்தச் சிறு பட்டணத்திலும் மெக்கானிக் கிடைப்பார். ஆனால் பிக்-அப் என்பது பெரும்பாலும் வேலை பார்த்த வண்டி. கட்டுமானத்துக்கு மணல் சுமந்ததா, செம்பனைத் தோட்டத்தில் ஓடியதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஹைலக்ஸ் 2.5 லிட்டர் டீசல் போன்ற சில இஞ்சின்களில் டைமிங் பெல்ட் இருக்கிறது. குறித்த தூரம் ஓடியதும் அதை மாற்றியே ஆக வேண்டும். ஓடும்போது அறுந்தால் இஞ்சினே நாசமாகிவிடும். "மாற்றியாச்சு" என்ற வாய்ச்சொல் போதாது, ரசீது கேளுங்கள்.

டீசலா பெட்ரோலா என்ற கணக்கும் மாறிவிட்டது. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து ஒரேயடியாக 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. 60 லிட்டர் தொட்டியை நிரப்ப 72 வெள்ளி அதிகம். பெட்ரோலுக்கோ 2025 செப்டம்பர் 30 முதல் மலேசியர்களுக்கு ரோன் 95 லிட்டர் 1 வெள்ளி 99 காசு என்று, மாத அளவோடு புடி 95 திட்டம் வந்தது. டீசல் என்றால் மலிவு என்ற பழைய எண்ணத்தோடு வண்டி வாங்கப் போகாதீர்கள். மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவோம் என்று எழுதிப் பார்த்து, வாங்கும் நாளில் உள்ள விலையைப் போட்டுக் கணக்குப் பாருங்கள்.

மேலே பார்க்காதீர்கள், கீழே பாருங்கள்

வண்டியைப் பார்க்கப் போகும்போது ஒரு கைவிளக்கும் பழைய பாயும் கொண்டு போங்கள். பாயை விரித்துப் படுத்து வண்டியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். லேண்ட்ரோவரின் மேல் தகடு துருப்பிடிக்காது என்றேன் அல்லவா? அதைத் தாங்கும் சட்டம் இரும்புதான். மேலே மின்னும், கீழே அரித்துப் போயிருக்கும். எல்லா ஃபோர்வீல் வண்டிக்கும் இது பொருந்தும். பின் சக்கரத்தை ஒட்டிய பகுதியில் சட்டத்தைச் சின்ன சுத்தியலால் தட்டுங்கள். கணீர் என்றால் நல்லது. மந்தமாகச் சத்தம் வந்தாலோ, துகள் உதிர்ந்தாலோ, புதிதாக வெல்டிங் வைத்துக் கறுப்புச் சாயம் அடித்திருந்தாலோ விலகிக்கொள்ளுங்கள். இஞ்சினை மாற்றலாம், கியரை மாற்றலாம், உளுத்துப் போன சட்டத்தைச் சரிசெய்யும் செலவில் இன்னொரு வண்டி வாங்கிவிடலாம்.

அடுத்து, வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்று பாருங்கள். 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கை வெள்ளம் சூழ்ந்தபோது எத்தனை கார்கள் முழுகின என்பதை நாடே பார்த்தது. அப்படி மூழ்கிய வண்டி துடைத்து மெருகேற்றி விற்பனைக்கு வருவதுண்டு. இருக்கைப் பட்டையைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கறை தெரியும். தரை விரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். மூக்கு பொய் சொல்லாது.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். பூ தேயாமல் இருந்தாலும் பல ஆண்டு கிழமான டயர் இறுகிப்போய், ஈரச் சாலையில் வழுக்கும்.

இஞ்சின் ஆறிக் கிடக்கும் நிலையில் முதல் முறை முடுக்கிப் பாருங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே விற்பவர் சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். நீலப் புகை விடாமல் வந்தால் எண்ணெய் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் குளிர்நீர் உள்ளே கசிகிறதா என்று சந்தேகிக்க வேண்டும். பிறகு மண் தரைக்குக் கொண்டுபோய் 4எச், 4எல் இரண்டையும் போட்டு ஓட்டிப் பாருங்கள். விளக்கு மட்டும் எரிந்தால் போதாது. முன் சக்கரமும் இழுக்க வேண்டும்.

இறக்கம்தான் உண்மையான சோதனை

மலையேற இஞ்சின் வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். மலையிறங்கப் பிரேக் வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம். ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். ஆளும் சாமானுமாக 2 டன் எடையுள்ள வண்டி தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்குச் சுமார் 1,400 மீட்டர் உயரம் இறங்குகிறது. அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றலைச் சூடாக மாற்றினால், சுமார் 90 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். காற்றும் டயரும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியை இஞ்சின் தாங்க வேண்டும். இல்லையென்றால் பிரேக் தாங்க வேண்டும்.

பிரேக் எண்ணெய்க்குக் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. டாட் 4 என்ற வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் சேர்ந்து பழசாகிவிட்டால் 155 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கலாம். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ் உண்டாகும்; மிதித்தால் பிரேக் பஞ்சுபோல் உள்ளே போகும், வண்டியோ நிற்காது. ஆகவே பழைய வண்டி வாங்கினால் முதல் வாரத்திலேயே பிரேக் எண்ணெயை மாற்றுங்கள். பிரேக் கட்டைகளையும் குழாய்களையும் பார்க்கச் சொல்லுங்கள். செலவு அதிகம் ஆகாது. இறங்கும்போது இரண்டாம் கியரில் இறங்குங்கள். ஆட்டோ வண்டியிலும் 2 அல்லது எல் என்று இருக்கும். அது அலங்காரத்துக்காக வைத்ததல்ல.

காகிதம் சரியாக இருக்கிறதா?

வண்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஆவணம் சரியில்லை என்றால் தொடாதீர்கள். பதிவில் உள்ள சட்ட எண்ணும் இஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப் போகின்றனவா, வங்கிக் கடன் பாக்கி உண்டா, சம்மன் நிலுவை உண்டா, பெயர் மாற்றத் தடை உண்டா என்று சாலைப் போக்குவரத்து இலாகாவில் விசாரியுங்கள். தோட்டத்துக்குள்ளேயே உழைத்த பழைய வண்டி மலிவாகக் கிடைத்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. சாலை வரி எப்போது கடைசியாகக் கட்டப்பட்டது, பொதுச் சாலையில் ஓட்டும் தகுதி அதற்கு இருக்கிறதா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

பெயர் மாற்றத்துக்குப் புஸ்பாகாம் போன்ற அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் பி5 சோதனை செய்ய வேண்டும். அதில் தேறிவிட்டால் இஞ்சின் நன்றாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. வண்டியின் அடையாளத்தையும் அடிப்படைத் தகுதியையும் பார்க்கும் சோதனை அது. இஞ்சினின் ஆயுளைச் சொல்ல உங்கள் மெக்கானிக்தான் வர வேண்டும்.

"சம்போங் பாயார்" என்று ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவர் பெயரில் உள்ள கடனை இன்னொருவர் தொடர்ந்து கட்டி வண்டியை வைத்துக்கொள்வது. 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்துக்கு இது புறம்பானது. மாதாமாதம் பணம் கட்டுவது நீங்கள். வண்டி உங்களுடையது அல்ல. தவணை தவறி வங்கி இழுத்துக்கொண்டு போனால், கட்டிய பணத்தைக் கேட்க உங்களுக்கு வழியிருக்காது.

கையில் 25,000 வெள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 25,000 வெள்ளிக்கு வண்டி பார்க்காதீர்கள்; 18,000க்குள் பாருங்கள். மிச்சமுள்ள 7,000 வெள்ளி காப்புறுதி, சாலை வரி, டயர், பிரேக், பெல்ட், எண்ணெய் என்று முதல் ஆண்டிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளும். முழுப் பணத்தையும் வண்டிக்கே கொடுத்தவர்கள்தான் பழைய டயரோடும் தேய்ந்த பிரேக்கோடும் மலையேறுகிறார்கள்.

வண்டி போகும் இடமெல்லாம் நமக்கு உரியதல்ல

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1929இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டமானாலும், மற்றத் தோட்டமானாலும், அங்குள்ள பாதைகள் தோட்ட வேலைக்காகப் போட்டவை. அந்தச் சரிவுகளைத் திருத்திக் கொழுந்து கிள்ளியவர்களில் நம் பாட்டன் பாட்டிமார்களும் உண்டு. கொழுந்து ஏற்றிய லாரிக்கு ஒதுங்கி வழிவிடுவதும், அனுமதி இல்லாமல் உள்ளே நுழையாமல் இருப்பதும் நம் கடமை. காட்டுப் பாதைக்கு வனத்துறையைக் கேளுங்கள். அங்கே செமாய் பூர்வகுடி மக்களின் ஊர்களும் இருக்கின்றன. மழையில் ஊறிய சரிவில் சக்கரம் அறுத்த தடமே அடுத்த மழையில் ஓடையாகி மண்ணைக் கரைத்துக்கொண்டு போகும்.

கூடாரம் அடிக்கும் இடத்தில்தான் எல்லாவற்றையும்விட அதிகக் கவனம் வேண்டும். 2022 டிசம்பர் 16ஆம் தேதி விடியுமுன் பத்தாங் காலியில் முகாம் இடத்தின் மேல் மண் சரிந்து 31 பேர் உயிரிழந்தார்கள். முகாம் நடத்த உரிமம் இல்லாத இடம் அது என்று பிறகு தெரிய வந்தது. 2013 அக்டோபரில் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் அணை நீர் திறக்கப்பட்டபோது நள்ளிரவில் வெள்ளம் புகுந்து அங்கேயும் உயிர்கள் போயின. உரிமம் உள்ள இடமா என்று கேளுங்கள். வெட்டிய சரிவின் அடியிலும் ஆற்றங்கரையிலும் கூடாரம் அடிக்காதீர்கள். விடாது மழை பெய்தால் பயணத்தைத் தள்ளி வையுங்கள். குளிர்கிறது என்று இஞ்சினை ஓட விட்டு வண்டிக்குள் தூங்குவதும், மூடிய கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டுவதும் வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும்.

நேயர்களே, பழைய வண்டி வாங்குவதில் வெட்கப்பட எதுவுமில்லை. சட்டம் உறுதியாக, பிரேக் நம்பகமாக, காகிதம் சுத்தமாக, பழுது பார்க்க ஓர் ஆள் பக்கத்தில் இருந்தால், இருபது வயது கெம்பாராவும் உங்கள் பிள்ளைகளுக்குப் பனிமூட்டத்தில் விடியும் தேயிலைச் சரிவைக் காட்டும். வாங்கப் போகும் நாளில் பிடித்த வண்டியின் படத்தை வீட்டில் வைத்துவிட்டு, கைவிளக்கையும் பாயையும் நம்பிக்கையான ஒரு மெக்கானிக்கையும் உடன் அழைத்துப் போங்கள். அவர் "வேண்டாம்" என்று சொன்னால், மறு பேச்சில்லாமல் திரும்பி வாருங்கள். அடுத்த வாரம் இன்னொரு வண்டி விற்பனைக்கு வரத்தான் போகிறது.